நீச்சல் குளத்துப் பக்கக் கதவு: நாம் மறந்தாலும் அது தானே பூட்டிக்கொள்ள வேண்டும்

குளம் உள்ள வீட்டில் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டால், பின்கதவைப் பற்றிய பேச்சு வந்துவிடும். பல வீடுகளில் அந்தப் பேச்சு "தாழ்ப்பாளைப் போட மறந்துடாதீங்க" என்பதோடு முடிந்தும்விடும். ஆனால் மறக்கத்தான் செய்வோம். கை நிறைய ஈரத்துணியோடு கொடிக்குப் போகிறவர் கதவைக் காலால் தள்ளிவிட்டுத்தான் போவார். வந்த விருந்தாளிக்கு உங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் விதி தெரியாது. அதனால் ஒரே ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எல்லாக் கதவையும் பாருங்கள்: யாருமே எதுவுமே நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டாலும் இந்தக் கதவு பூட்டியபடி இருக்குமா?

இது மிகையான பயம் இல்லை. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் அரிசோனா, கலிபோர்னியா, புளோரிடா மாநிலங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நீச்சல் குளத்தில் விழுந்த சம்பவங்களை ஆராய்ந்தது. அவர்களில் 69 சதவீதம் பேர் குளத்துப் பக்கம் இருப்பார்கள் என்று யாரும் எண்ணாத நேரத்தில் தண்ணீரில் கிடந்தார்கள். 77 சதவீதம் பேர் கண்ணிலிருந்து மறைந்து ஐந்து நிமிடமோ அதற்கும் குறைவாகவோதான் ஆகியிருந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களைக் கடைசியாகப் பார்த்த இடம் வீட்டுக்குள். அதாவது குழந்தை வீட்டுக்குள் இருக்கிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தபோது, ஒரு கதவு வழியாக அது வெளியே போயிருக்கிறது. மூழ்கும் குழந்தை கத்தாது, கையை வீசி அடித்துக்கொண்டு சத்தமும் போடாது. கதவுதான் சத்தம் போட வேண்டும்.

கதவு வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளத்தைச் சுற்றி நான்கு பக்கமும் தனி வேலி போட இடமும் வசதியும் இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். உயரம் குறைந்தது 4 அடி, கம்பிகளுக்கிடையிலும் தரைக்கும் வேலிக்கும் இடையிலும் 10 சென்டிமீட்டருக்குக் குறைவான இடைவெளி, தானாகச் சாத்திக்கொள்ளும் கேட், அந்தக் கேட் குளத்திலிருந்து விலகித் திறக்க வேண்டும். மூன்று பக்கம் சுவரும் நான்காவது பக்கம் வீடுமாக இருக்கும் அமைப்பைவிட, நான்கு பக்க வேலி குழந்தைகளை நன்றாகக் காக்கிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2010க்குப் பின் கட்டிய வெளிப்புறக் குளங்களுக்கு வீட்டுக் கதவு நேராகத் திறக்கவே அனுமதி இல்லை. நம் ஊர் வில்லாக்களிலும் பண்ணை வீடுகளிலும் பெரும்பாலும் வீடே நான்காவது சுவர். அப்போது வீட்டுக் கதவு ஒவ்வொன்றும் குளத்தின் கேட்தான்.

முதலில் எண்ணுங்கள்

ஒரு மாலையில் குளத்தோரம் நின்று வீட்டைப் பாருங்கள். அங்கிருந்து தெரியும் ஒவ்வொரு திறப்பையும் எழுதிக்கொள்ளுங்கள். கூடத்து ஸ்லைடிங் கதவு, சமையலறைப் பின்கதவு, படுக்கையறையின் இரட்டைக் கதவு, குளித்துவிட்டு வருவதற்காக வெளியிலிருந்து திறக்கும்படி வைத்த பாத்ரூம் கதவு, மாடியிலிருந்து இறங்கும் வெளிப்படிக்கட்டு. இவையெல்லாம் எளிதில் நினைவுக்கு வரும். விட்டுப்போவது மூன்று. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொடங்கும், கிரில் இல்லாத பெரிய ஜன்னல். நாய் வந்து போகும் சிறு துவாரம். வீட்டைச் சுற்றிப் போகும் பக்கவாட்டுச் சந்து. வாசல் கதவு திறந்திருந்தால் குழந்தை அந்தச் சந்து வழியாகவே குளத்துக்குப் போய்விடும். சந்தின் முனையில் ஒரு கேட் போடாமல் உள்கதவுகளுக்கு மட்டும் செலவு செய்வது பாதி வேலை.

கணக்கெடுத்த பிறகு ஒரு முடிவு எடுங்கள். இந்த வேலையில் இதைவிட முக்கியமான முடிவு வேறில்லை. குளத்துக்குப் போக ஒரே ஒரு கதவு போதும். மற்றவற்றைப் புழக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நான்கு கதவுக்கும் குளோசர் (கதவைத் தானே சாத்தும் கருவி), பூட்டு, அலாரம் என்று போட்டால் நாளைக்கு இருபது தடவை அலாரம் அடிக்கும். இரண்டாவது வாரமே யாராவது அதை அணைத்துவிடுவார்கள். ஒரு கதவு என்றால் அந்த ஒன்றை நன்றாகச் செய்யலாம், அந்த ஒன்றின் சத்தத்துக்கு வீடே காது கொடுக்கும். புழக்கத்தில் இல்லாத கதவையும் ஆணி அடித்து மூட வேண்டாம். தீ, கேஸ் கசிவு என்று வந்தால் அது தப்பும் வழி. உயரத்தில் இருக்கும் உறுதியான தாழ்ப்பாள் போட்டு, அதற்கும் ஒரு எளிய அலாரம் வையுங்கள்.

எவ்வளவு உயரம்

நான்கு வயதுக் குழந்தை சுமார் 1 மீட்டர் உயரம் இருக்கும். கையைத் தூக்கினால் 1.2 மீட்டர் வரை எட்டும். நம் வீட்டு அல்ட்ராப் தாழ்ப்பாளும் லீவர் கைப்பிடியும் பெரும்பாலும் 90 சென்டிமீட்டரிலிருந்து 1.1 மீட்டருக்குள் இருக்கின்றன. கதவின் அடியில் இருக்கும் டவர் போல்ட் தவழும் குழந்தைக்கே விளையாட்டுச் சாமான். அமெரிக்க விதிகளில் தாழ்ப்பாளின் குறைந்தபட்ச உயரம் 54 அங்குலம், அதாவது 137 சென்டிமீட்டர். ஆஸ்திரேலிய அளவு 1.5 மீட்டர். 1.5 மீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் குள்ளமான பாட்டிக்கும் அது எட்டும்.

அளக்கும்போது கதவடியிலிருந்து அளக்காதீர்கள். குழந்தை ஏறி நிற்கக்கூடிய இடத்திலிருந்து அளக்க வேண்டும். கதவையொட்டி ஒரு படியோ திண்டோ இருந்தால் அதன் மேலிருந்து கணக்கு. உயரம் குழந்தையின் கையைத்தான் வெல்லும், நாற்காலியை வெல்லாது. 45 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறிய நான்கு வயதுப் பிள்ளை 1.65 மீட்டரை எட்டிவிடும். ஆகவே கதவிலிருந்து 90 சென்டிமீட்டருக்குள் செருப்பு ஸ்டாண்டு, முக்காலி, கவிழ்த்த வாளி, வாஷிங் மெஷின் எதுவும் இருக்கக் கூடாது. நாற்காலியை இழுத்து வந்து ஏறும் பிள்ளைக்குத்தான் அலாரம்.

கீல் கதவு

மூன்று சாமான் வேண்டும்: ஹைட்ராலிக் டோர் குளோசர் ஒன்று, நைட் லேட்ச் (சாத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் பூட்டு) ஒன்று, அலாரம் ஒன்று. அதற்கு முன் கதவையே சரிபாருங்கள். கீல் தளர்ந்து தொங்கும் கதவுக்கு எந்தக் குளோசரும் உதவாது. மேல்கீலின் ஸ்க்ரூக்களை 2 அங்குல ஸ்க்ரூவாக மாற்றினால் நிலைச்சட்டத்தின் உள்மரத்தைப் பிடித்துக்கொள்ளும். கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும்.

அந்த 3 மில்லிமீட்டர்தான் ஐப்பசியில் காணாமல் போகும். மழைக்காலத்தில் மரக்கதவு ஊதி, நிலையில் உரசி, கடைசி ஒரு அங்குலத்தில் நின்றுவிடும். பார்த்தால் சாத்தியது போலவே இருக்கும், பூட்டு நாக்கு உள்ளே போயிருக்காது. காரணத்தைத் தேடினால் கதவின் அடி விளிம்பில் கிடைக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் மூன்று கோட் பாலிஷ் அடித்திருப்பார்கள். கதவை மாட்டிய பிறகு தூரிகை போகாத அடி விளிம்பும் மேல் விளிம்பும் பச்சை மரமாகவே இருக்கும். குளத்திலிருந்து ஈரக்காலோடு வருபவர்கள் சொட்டவிடும் தண்ணீர் அந்த அடி விளிம்பு வழியாகத்தான் ஏறுகிறது. ஆசாரியை வைத்துக் கதவைக் கழற்றி, உரசும் இடத்தை இழைத்து, நன்றாகக் காயவிட்டு, ஆறு பக்கமும் வார்னிஷோ பெயின்டோ அடித்து மாட்டுங்கள். இதைக் கோடையில் செய்யுங்கள். ஊதிய நிலையில் இழைத்தால் பங்குனியில் பெரிய சந்து விழும், நாக்கு தகட்டைப் பிடிக்காது.

குளோசர் வாங்கும்போது கதவின் அகலத்தையும் எடையையும் சொல்லி வாங்குங்கள். ஐரோப்பிய அளவுகோலில் 3ஆம் எண் 95 சென்டிமீட்டர் அகலம், 60 கிலோ வரை. 4ஆம் எண் 110 சென்டிமீட்டர், 80 கிலோ வரை. மூன்றரை அடி அகலத் தேக்குக் கதவுக்கு 4 வேண்டும். அதற்கு 2ஆம் எண்ணை மாட்டினால் கதவு பாதியில் நின்றுவிடும். முக்கியமாக, "ஹோல்ட் ஓப்பன்" வசதி இல்லாததைக் கேளுங்கள். அந்த வசதி இருந்தால் கதவு 90 டிகிரியில் அப்படியே நிற்கும், நாம் தவிர்க்க நினைப்பதே அதைத்தான்.

குளோசரை வீட்டின் உட்பக்கம் மாட்டுங்கள், மழையும் குளோரின் ஆவியும் படாது. கதவு குளத்துப் பக்கமாகத் திறந்தால் உட்பக்கம் தள்ளும் பக்கமாகிவிடும். அதற்குப் பேரலல் ஆர்ம் பிராக்கெட் (குளோசரின் கையைக் கதவுக்கு இணையாகப் பிடிக்கும் தாங்கி) வேண்டும், பெட்டியிலேயே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெட்டிக்குள் இருக்கும் காகித அச்சைக் கதவின் மேல் ஒட்டி, புள்ளி வைத்து, முதலில் மெல்லிய பிட்டால் துளை போட்டபின் ஸ்க்ரூ முடுக்குங்கள். பிவிசி கதவில் சாதா ஸ்க்ரூ நிற்காது. சில மாதத்தில் குளோசரோடு பிய்த்துக்கொண்டு வரும். அந்த மாதிரிக் கதவுக்கு ஊடுருவிப் போகும் போல்ட்டும் மறுபக்கம் தகடும் வேண்டும். அதைவிட நல்லது, குளத்துப் பக்கம் பிவிசி கதவே வைக்காமல் இருப்பது.

குளோசரில் இரண்டு சிறு திருகுகள் இருக்கும். ஒன்று கதவு வரும் வேகத்துக்கு, மற்றது கடைசி 10, 15 டிகிரியில் கதவு நிலையில் அழுந்தும் வேகத்துக்கு. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். முழுக்கக் கழற்றினால் எண்ணெய் வழிந்துவிடும், அப்புறம் குளோசரைத் தூக்கிப் போட வேண்டியதுதான். 90 டிகிரியிலிருந்து சாத்த 5, 6 விநாடி ஆகட்டும். குழந்தையின் விரல் நசுங்காத வேகம் அது. கடைசித் தட்டு மட்டும் "டக்" என்று நாக்கு விழும் அளவு வலுவாக இருக்கட்டும். சித்திரை வெயிலில் உள்ளே எண்ணெய் இளகி வேகம் கூடும், மார்கழியில் குறையும். வருடத்தில் இரண்டு தடவை இந்தத் திருகுகளைத் தொட வேண்டியிருக்கும்.

சோதிக்கும் முறை: கதவை முழுக்கத் திறந்து விடுங்கள். பிறகு பாதி திறந்து விடுங்கள். பிறகு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் திறந்து விடுங்கள். மூன்றிலும் நாக்கு விழ வேண்டும். முதல் இரண்டில் தேறிய கதவுகள் பல மூன்றாவதில் தோற்கும், கொஞ்சமாகத் திறந்த கதவுக்கு ஓடி வரும் வேகம் இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்து வீடுகளில் இந்தச் சோதனையைக் காலையில் மட்டும் செய்து திருப்திப்படாதீர்கள். மத்தியானம் கடல்காற்று எழுந்த பிறகு, எதிர்ப் பக்கத்து ஜன்னல்களைத் திறந்து வைத்து இன்னொரு முறை செய்யுங்கள். காற்று கதவைப் பிடித்துக்கொள்ளும்.

பூட்டுக்கு நைட் லேட்ச் பொருத்தம். சாத்தியதும் நாக்கு தானே விழும், உள்ளிருந்து குமிழைத் திருகினால் சாவி இல்லாமல் திறக்கும். 1.5 மீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். பல நைட் லேட்ச்களில் நாக்கை உள்ளே இழுத்து நிறுத்தி வைக்கும் சிறு பொத்தான் இருக்கும். யாராவது அதைத் தள்ளிவிட்டால் கதவு பூட்டாது, தெரியவும் தெரியாது. அந்தப் பொத்தான் இல்லாத மாடலை வாங்குங்கள், இருந்தால் கடைக்காரரிடமே செயலிழக்கச் செய்து தரச் சொல்லுங்கள். இரண்டாவது, நீங்கள் குளத்தோரம் இருக்கும்போது கதவு சாத்திக்கொண்டால் குழந்தை உள்ளே, நீங்கள் வெளியே. ஆகவே ஒரு சாவி வெளிப்பக்கத்தில், சுவரில் உயரமான எண் பூட்டுப் பெட்டியில் நிரந்தரமாக இருக்க வேண்டும்.

இருபக்கமும் சாவி போட்டுத் திறக்கும் பூட்டு வேண்டவே வேண்டாம். இரவில் புகை சூழ்ந்தால் சாவி தேட முடியாது. சங்கிலி போதாது, அதை யாராவது மாட்ட வேண்டும், மாட்டினாலும் சந்து இருக்கும். பழைய லீவர் கைப்பிடி குழந்தை தொங்கினாலே திறக்கும் என்பதால் அதைக் கழற்றிவிட்டு வெறும் இழுப்புக் கைப்பிடி போடுங்கள்.

இரட்டைக் கதவென்றால் ஒரு பலகை எப்போதும் நிலையாக இருக்க வேண்டும். அதை மேலும் கீழும் டவர் போல்ட்டால் பூட்டி, மறு பலகைக்குக் குளோசரும் நைட் லேட்ச்சும் போடுங்கள். இங்கே அடிக்கடி நடப்பது: கீழ்ப் போல்ட் இறங்கும் தரைக்குழியில் மணலும் முடியும் சேர்ந்து இறுகிவிடும். போல்ட் அரை அங்குலம் இறங்கவேண்டிய இடத்தில் இரண்டு நூல்தான் இறங்கும். பார்வைக்குப் பூட்டியது போலிருக்கும், இரண்டு பலகையும் சேரும் இடத்தில் தோளால் ஒரு தள்ளு தள்ளினால் இரண்டும் சேர்ந்து திறக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரால் குழியைக் கிளறி, ஸ்ட்ராவால் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். மாதம் ஒருமுறை இது அவசியம்.

சட்டம் இல்லாத முழுக் கண்ணாடிக் கதவுகள் இப்போது நிறைய வருகின்றன. அவற்றின் பூட்டு தரையை ஒட்டிக் கீழ் மூலையில் இருக்கும், குழந்தையின் கைக்கு நேராக. தரைக்குள் புதைத்த ஃப்ளோர் ஸ்பிரிங் பெரும்பாலும் 90 டிகிரியில் நிற்கும் வகை. மாட்டும்போதே நிற்காத வகையைக் கேளுங்கள். மின்காந்தப் பூட்டு அழகாக இருக்கும், ஆனால் கரண்ட் போனால் திறந்துகொள்ளும். பேட்டரி துணை இல்லாமல் அதை நம்பக் கூடாது.

ஸ்லைடிங் கதவு

உள்ளதில் தொல்லை பிடித்தது இதுதான். தானாகச் சாத்திக்கொள்ளாது, சாத்தினாலும் தானாகப் பூட்டாது. ஸ்பிரிங் வைத்த ஸ்லைடிங் குளோசர்கள் உண்டு. டிராக்கில் மணல் சேர்ந்த மறுநாளே கதவு கடைசி நான்கு அங்குலத்தில் நிற்கும். ஆகவே வீட்டில் வேறு கீல் கதவு இருந்தால் அதைக் குளத்துக் கதவாக்கிவிட்டு, ஸ்லைடிங்கை நிரந்தரமாக மூடுவதே எங்கள் பரிந்துரை.

மூடும் முறை: 1.5 மீட்டர் உயரத்தில், இரண்டு பலகைகளின் சட்டமும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில், உள்பலகைச் சட்டத்தை ஊடுருவி வெளிப்பலகைச் சட்டத்தின் பாதி வரை துளை போட்டு எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஊசி செருகலாம். கண்ணாடி சட்டத்துக்குள் 15, 20 மில்லிமீட்டர் நுழைந்திருக்கும், டிரில் பிட் அதைத் தொட்டால் டஃபன்ட் கண்ணாடி முழுதும் நொறுங்கிக் கொட்டும். பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டு, கண்ணாடியிலிருந்து விலகிய விளிம்பில் மட்டும் போடுங்கள். யுபிவிசி சட்டத்துக்குள் இரும்புக் குழல் இருக்கும் என்பதால் உலோக பிட் வேண்டும். கை நடுங்கும் என்றால் கதவு மாட்டிய ஆளையே கூப்பிடுங்கள். மேல் டிராக்கில் சிறு கட்டை வைத்து, பலகையைத் தூக்கிக் கழற்ற முடியாதபடியும் செய்யச் சொல்லுங்கள். கீழ் டிராக்கில் மூங்கில் கட்டையைப் போட்டு வைப்பது திருடனுக்கு எதிராக உதவலாம். குழந்தை அதைக் கையில் எடுத்துக்கொண்டு விளையாடும்.

கொசுவலைப் பலகை தடுப்பு ஆகாது. ஃபைபர் வலையைக் குழந்தை சாய்ந்தாலே பிய்த்துவிடும்.

வேறு வழியில்லாமல் ஸ்லைடிங் கதவே குளத்துக் கதவு என்றால் அலாரம் கட்டாயம், ரோலரும் சுத்தமாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை டிராக்கை வாக்வம் செய்து சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள். தேங்காயெண்ணெய் விடுவார்கள் சிலர், அது மணலைப் பிடித்துப் பசையாக்கிவிடும்.

காற்றுக்கு வழி செய்யாமல் எதுவும் நிற்காது

இத்தனையும் செய்த வீட்டில் தோல்வி எங்கே வருகிறது என்றால், கதவிடுக்கில் வைக்கும் ஒரு கல்லில். புழுக்கமாக இருக்கிறது, கதவு சாத்திக்கொண்டே இருக்கிறது, ஒரு செங்கல்லையோ சுருட்டிய மிதியடியையோ வைத்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, காற்று வேண்டும்தானே. கதவுக்குப் பக்கத்து ஜன்னலுக்கு கிரில் போட்டுத் திறந்து வையுங்கள், கம்பி இடைவெளி 10 சென்டிமீட்டருக்குள். அல்லது குளத்துக் கதவுக்கு வெளியே எஸ்எஸ் கம்பி வலை அடித்த இரண்டாவது கதவு வைத்து, குளோசரையும் உயரப் பூட்டையும் அதற்கும் போடுங்கள். அப்போது உள்கதவைத் திறந்து வைக்கலாம். கதவடியில் இருக்கும் ரப்பர் ஸ்டாப்பரையும் சுவரில் கதவைக் கவ்வும் காந்தத்தையும் கழற்றி எறிந்துவிடுங்கள். இருந்தால் யாராவது பயன்படுத்துவார்கள்.

அலாரம்

உள்ளே இருப்பது எளிய சங்கதி: நிலையில் ஒரு ரீட் ஸ்விட்ச், கதவில் ஒரு காந்தம். காந்தம் விலகினால் சத்தம். பொதுவான வாசல் அலாரத்துக்கும் குளத்துக்கென்று செய்த அலாரத்துக்கும் வித்தியாசம் உண்டு. குளத்து அலாரம் கதவு திறந்து 7 விநாடிக்குள் அடிக்க வேண்டும், குறைந்தது 30 விநாடி அடிக்க வேண்டும், 10 அடி தூரத்தில் 85 டெசிபல் கேட்க வேண்டும். பெரியவர் போய் வர உயரத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் 15 விநாடிக்கு மட்டும் சும்மா இருக்கும், பிறகு தானே விழித்துக்கொள்ளும். ஆன், ஆஃப் ஸ்விட்ச் வைத்த மலிவு அலாரத்தில் இந்தக் கடைசி வசதி இல்லை. விருந்து நாளில் அணைத்தவர் மறுநாள் போட மாட்டார். அமெரிக்காவில் இதற்கு யூஎல் 2017 என்ற தரம் உண்டு, வாங்கும்போது அந்தக் குறியைத் தேடுங்கள்.

மாட்டும் இடம் முக்கியம். கீல் பக்கம் வைத்தால் கதவு அரை அடி திறந்த பிறகுதான் காந்தம் விலகும். பூட்டுப் பக்கத்து மேல் மூலையில் வையுங்கள், இரண்டு விரல் அகலம் திறந்தாலே அடிக்கும். மூடிய நிலையில் காந்தத்துக்கும் ஸ்விட்சுக்கும் இடைவெளி 1 சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். இரும்புக் கதவென்றால் காந்தம் பலமிழக்கும், அடியில் பிளாஸ்டிக் கட்டை வைத்து உயர்த்த வேண்டும். இருபக்க டேப் வெயிலில் இளகி விழும், ஸ்க்ரூ போடுங்கள்.

மாட்டியதும் ஒரு சோதனை. சமையலறையில் மிக்ஸியை ஓடவிடுங்கள், கூடத்தில் டிவியை வழக்கமான சத்தத்தில் வையுங்கள், மாடி அறைக் கதவைச் சாத்தி ஏசியைப் போடுங்கள். யாராவது குளத்துக் கதவைத் திறக்கட்டும். மூன்று இடத்திலும் கேட்டதா? கேட்காத இடத்தில் வயர்லெஸ் மணி ஒன்று கூடுதலாக வேண்டும். அந்த ஒலி வாசல் காலிங் பெல் மாதிரி இருக்கக் கூடாது. கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வைஃபை சென்சாரை அலாரமாக எண்ணிவிடாதீர்கள். கைபேசி சைலன்டில் இருக்கும், ரவுட்டர் கரண்ட் போனால் படுத்துவிடும்.

பேட்டரியைத் தீரும்வரை விடாமல் பொங்கலுக்கு ஒரு தடவையும் ஆடிப்பெருக்குக்கு ஒரு தடவையும் மாற்றுங்கள். கடலோர வீட்டில் பேட்டரி முனையில் பச்சைப் படிவு வரும், பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து விடுங்கள். அங்கே பூட்டு, ஸ்க்ரூ எல்லாம் எஸ்எஸ் 316 (உப்புக் காற்றில் எளிதில் துருவேறாத ரகம்) கிடைத்தால் நல்லது. குரோம் முலாம் பூசியது உப்புக் காற்றில் துருவேறி, நாக்கு பாதி வெளியே வந்து நின்றுவிடும்.

அலாரம் அடித்தாலோ குழந்தையைக் காணவில்லை என்றாலோ முதலில் குளத்துக்கு ஓடுங்கள். கட்டிலுக்கு அடியில், அலமாரியில் தேடுவதெல்லாம் அதற்குப் பிறகு. தண்ணீரில் கிடந்தால் தூக்கிக் கல்தரையில் படுக்கவையுங்கள். ஒருவர் 108ஐ அழைக்கட்டும். மூச்சு இல்லையென்றால் முதலில் வாய்வழி மூச்சு கொடுத்து, பிறகு 30 மார்பழுத்தம், 2 மூச்சு என்று நிறுத்தாமல் தொடருங்கள். தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் நம் ஊரில் இன்னும் நடக்கிறது. அது மூச்சு கொடுக்க வேண்டிய நேரத்தைத் தின்னும், வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் ஏறவும் காரணமாகும். குழந்தை எழுந்து அழுதாலும் மருத்துவமனையில் காட்டியே ஆக வேண்டும். குளம் உள்ள வீட்டில் குறைந்தது இரண்டு பேர் இந்த முதலுதவியைப் பயிற்சி எடுத்துக் கற்றிருக்க வேண்டும். படித்துத் தெரிந்துகொள்வது கைக்கு வராது.

வாடகை வில்லாவுக்குப் போனால்

கோவளம், மாமல்லபுரம், புதுச்சேரிப் பக்கம் இரண்டு நாள் எடுத்துத் தங்கும் வில்லாக்களில் எதையும் துளைக்க முடியாது. ஆனால் ஆபத்து அங்கேதான் கூடுதல்: குழந்தைக்குப் புது இடம், பெரியவர்களுக்குப் பை பிரிக்கும் வேலை, கதவுகள் எல்லாம் திறந்து வரவேற்கும். புக் செய்யும்போதே குளத்துக்கு வேலி இருக்கிறதா, எந்தெந்த அறைக் கதவு குளத்தில் திறக்கிறது என்று கேட்டு, படம் அனுப்பச் சொல்லுங்கள்.

பையில் நான்கு பேட்டரி அலாரம், ஒட்டும் டேப், ஸ்லைடிங் கதவில் ஒட்டும் குழந்தைப் பூட்டு இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் ஒருவர் குழந்தையைக் காரிலேயே வைத்திருக்கட்டும், இன்னொருவர் உள்ளே போய் முதல் பதினைந்து நிமிடத்தில் கதவுகளை முடிக்கட்டும். ஒரு கதவைக் குளத்துக் கதவாக முடிவு செய்து, மற்றவற்றின் மேல் தாழ்ப்பாளைப் போட்டு அலாரம் ஒட்டுங்கள். குளத்துக் கதவிலும் ஒன்று. கதவருகே கிடக்கும் நாற்காலிகளையும் பூந்தொட்டி ஸ்டாண்டுகளையும் நகர்த்துங்கள். குளத்தில் மிதக்கும் பந்து, வாத்து, டியூப் எல்லாவற்றையும் எடுத்து அறைக்குள் பூட்டுங்கள். குழந்தையைக் கதவுக்கு இழுப்பது பெரும்பாலும் அவைதான்.

துப்புரவு செய்ய வரும் பணியாளரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் கதவுகளைத் திறந்து போட்டு மாப் போடுவார், தரை காயும்வரை திறந்தே வைப்பார். அந்த நேரத்துக்குக் குழந்தை ஒருவர் கைப்பிடியில் இருக்க வேண்டும், அவர் போன பிறகு கதவுகளை மறுபடி ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும்.